இறங்கினால் டீ வரும்

2025 ஜனவரி 21, செவ்வாய். விடியற்காலைத் தொழுகை முடித்து, வெந்நீர் குடித்து, நேற்றுத் துவைத்துப் போட்ட இரண்டு சட்டைகளை மொட்டை மாடியிலிருந்து எடுத்து வந்து மடித்தேன். தை மாதத்துச் சேலத்தில் துணி காய்ந்த பிறகும் கையில் ஈரம் ஒட்டுகிறது, எல்லாம் பனி. சிங்கப்பூர் தெம்பனிஸில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் என் வீட்டில் மூங்கில் கழியில் போட்ட துணி ஒரே காற்றில் காய்ந்துவிடும். சட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு நகம் வெட்டினேன். தங்கை மும்தாஜ் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், நான் சிங்கப்பூரிலிருந்து எதற்காக வந்தேனோ அந்தப் பொருளைப் பார்க்கக் கூடத்துக்குப் போனேன்.

அது ஒரு மடிப்பு மின்சார சைக்கிள். இருபது அங்குலச் சக்கரம், பின் சக்கரத்துக்குள் மோட்டார், நடுவில் மடியும் சட்டம். சுவரில் சாய்ந்து நின்றது. அதன்மேல் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

வாங்கிக் கொடுத்தவள் மும்தாஜ். ஓட்ட வேண்டியவர் அவள் கணவர் சிராஜுதீன், என் மச்சான். குமாரபாளையத்துத் தறிகளில் கைலி எடுத்துச் சேலத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரம். போன வருஷம் மொபெட்டோடு சறுக்கி விழுந்ததில் இடது முட்டிச் சில் உடைந்து கம்பி போட்டிருக்கிறார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. முட்டிதான் மடங்க மறுக்கிறது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். அந்த நாற்காலி வரிசையில் அவரைவிட இளையவர் யாரும் இல்லை என்பதை நான் போன முதல் வெள்ளியன்றே கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

பிசியோதெரபி பார்க்கும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: தினமும் சைக்கிள் மிதியுங்கள், முட்டி தானாக இளகும். பிப்ரவரி எட்டாம் தேதி டாக்டர் அளந்து பார்ப்பார். அதற்குள் மடக்கம் கூடவில்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து, படுக்க வைத்து, முட்டியை அவர்களே பிடித்து வளைப்பார்கள். சில் இன்னொரு முறை உடையாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மச்சான் இதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் மும்தாஜ்.

"அப்புறம் ஏன் மிதிக்க மாட்டேங்கறாரு?" என்று கேட்டேன்.

"அதத்தான் உன்ன வரச் சொல்லிக் கேட்டேன், அண்ணா. கைப்பிடிய முறுக்கிக்கிட்டே போறாரு, முறுக்கிக்கிட்டே வர்றாரு. கால் பெடல்ல சும்மா ஒக்காந்திருக்கு."

எனக்கு இது புதிதாக இருந்தது. நான் பதினோரு வருஷமாக மடிப்பு மின்சார சைக்கிள் ஓட்டுகிறேன். எங்கள் சிங்கப்பூரில் முறுக்கும் கைப்பிடி வைத்தால் சட்டப்படி குற்றம். மிதித்தால்தான் மோட்டார் உதவும். ஆகவே மிதிப்பதை நாங்கள் யோசிப்பதே இல்லை. இங்கே முறுக்கலாம். முறுக்க முடிகிற வண்டியில் ஏன் மிதிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். காரணம் பாதி புரிந்தது. மிதி அரைச் சுற்று சுற்றியதுமே மோட்டார் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. மெல்லப் போ என்று சொல்ல அதில் வழி இல்லை. முன்னால் நாற்பத்து நான்கு பல், பின்னால் பதினாறு பல். சக்கரம் சிறியது என்பதால், அந்த வேகத்துக்குக் கால் நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சங்கிலியில் பிடிப்பே தெரியும். அதற்குக் குறைந்தால் காலடியில் ஒன்றுமே இல்லை. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போவதுபோல் இருக்கிறது. நல்ல முட்டிக்கே எரிச்சல். கம்பி போட்ட முட்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

முன்பக்கத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் கால் மெதுவாகச் சுற்றும். வண்டி அதே வேகத்தில் போகும். சேலத்தில் மூன்று சைக்கிள் கடைகளில் கேட்டேன். அந்த அளவுக்குச் சரியான சக்கரம் எங்கும் இல்லை. மச்சான், குமாரபாளையத்தில் தறிக்குப் பல்சக்கரம் வெட்டும் லேத் பட்டறை ஒன்று தனக்குத் தெரியும் என்றார். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும். மூன்று செட் சாப்பிட்டேன். அவர் ஒன்று சாப்பிட்டார். மும்தாஜ் அதைக் கவனித்து என்னைப் பார்த்தாள்.

22, புதன். பவானி பஸ்ஸில் ஏறினோம். மடித்த சைக்கிளை டிரைவருக்குப் பின்னால் நிறுத்தினேன். மச்சான் காலைத் தாங்கித் தாங்கி ஏறுவதையும் பின்னாலேயே நான் இந்த உருப்படியைத் தூக்கி வருவதையும் பார்த்த ஒரு பெண், அதைச் சக்கர நாற்காலி என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுக் கொடுத்தார். "பாவம், நடுவயசுதான் இருக்கும்," என்று பக்கத்தில் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. மச்சான் சங்ககிரி வரை வெளியே பார்த்தபடியே வந்தார்.

சங்ககிரியில் ஒருவர் முட்டை அட்டைகளோடு ஏறினார். வைக்க இடம் இல்லை. எங்கள் சைக்கிளின் மேல்பாகம் சமமாக இருந்ததால் அடுக்கிவிட்டார். பிறகு கூட்டத்தில் அவர் பின்னால் தள்ளப்பட்டுப் போனார். குமாரபாளையம் வந்தது. சைக்கிளை எடுக்க வேண்டுமானால் முட்டையை யாராவது பிடிக்க வேண்டும். முட்டைக்காரர் பின்வாசலில் இருந்து "தொடாதீங்க, தொடாதீங்க, நான் வாரனுங்க," என்று குரல் கொடுத்தாரே தவிர வந்து சேரவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி எங்களைப் பவானியில் இறக்கியது. முட்டை ஒன்றும் உடையவில்லை என்பதை அவர் எங்களுக்குக் காட்டி, நன்றியும் சொன்னார்.

ஆக, பாலத்தின் மேல் திரும்பி வர வேண்டியதாயிற்று. மச்சான் சைக்கிளில், நான் பின்னால் ஷேர் ஆட்டோவில். ஆறு நிறையத் தண்ணீர். ஆனால் நான் பார்த்தது அவர் கால்களைத்தான். ஏறியதும் ஏழெட்டுச் சுற்று வெறித்தனமாகச் சுற்றின. பிறகு இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டன. வலது கை முறுக்கியது. பாலம் முழுக்க அவர் ஒரு சிலைபோல உட்கார்ந்தபடி போனார்.

லேத் பட்டறை நடேசனுடையது. ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் அளவுக் கருவி, காதில் பீடி. விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றிப் பார்த்தார்.

"மோட்டாரு இருக்கறப்ப எதுக்குங்க மிதிக்கோணும்?"

முட்டியைப் பற்றி விளக்கினேன்.

"அப்ப காலு மெதுவாச் சுத்தோணும், வண்டி அதே மாதிரி போகோணும்."

"ஆமாம்."

"பாய், தறிக்கு ஸ்பீடு கூட்டிக் குடுன்னுதான் எல்லாரும் வருவாங்க. கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதானுங்க." மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார். மச்சான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஐம்பத்தாறு பல் வைத்துப் பார்க்கலாம் என்று நானும் அவரும் கணக்குப் போட்டோம். சட்டத்தில் உரசாமல் இருக்க அதற்குமேல் போக முடியாது. கால் நிமிடத்துக்கு அறுபதுக்குச் சற்று மேல் சுற்றினால் போதும். வேகமாக நடக்கிற ஆளின் தாளம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கடையில் பரோட்டாவும் குடல் குழம்பும் சாப்பிட்டுச் சேலம் திரும்பினோம். குடல் குழம்பை எங்கள் ஊர்க் கடைகளில் இப்போது வைப்பதில்லை. அதை மச்சான் முழுதாகச் சாப்பிட்டார் என்று மும்தாஜிடம் சொன்னேன்.

23, வியாழன். குமாரபாளையத்தில் பல்சக்கரம் தயாராக இருந்தது. பளபளவென்று, ஒவ்வொரு பல்லும் அரம் போட்டது. சங்கிலியில் கண்ணிகள் சேர்த்து மாட்டினார் நடேசன். ஒரே ஒரு குறை: மடித்து வைத்தால் வண்டி இப்போது அந்தப் பல்லின் மேல்தான் நிற்கிறது. தரையில் எண்ணெய்க் கோடு போடும். பரவாயில்லை என்றேன்.

முதலில் நான் ஓட்டினேன். காலடியில் பிடிப்பு இருந்தது. மோட்டார் இழுக்க, கால் அதோடு பேசிக்கொண்டே நிதானமாகச் சுற்றியது. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இறங்கி, சீட்டை மச்சானுக்காக உயர்த்தி வைத்தேன். குதிகாலை மிதியில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். அவர் ஏறினார், பட்டறைக்கு முன்னால் ஒரு சுற்றுப் போனார், தலையை ஆட்டினார். வலி இல்லை. கைலி எடுக்கத் தறிச் சுற்றுக்குக் கிளம்பினோம். எனக்கு நடேசன் பட்டறையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார்.

இரண்டாவது தெருவிலேயே மச்சான் பல்லைக் கடித்தார். மூன்றாவது தெருவில் முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் கால் மேலே வரும்போது முட்டி நெஞ்சுக்கு வருவதுபோல் மடங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. பட்டறை வாசலில் அப்படி இல்லையே. பல்சக்கரத்தைப் பார்த்தேன், சங்கிலியைப் பார்த்தேன், மிதியின் தண்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நிறுத்தச் சொல்லி வண்டியைச் சுற்றி வந்தேன். நான் உயர்த்தி வைத்த சீட்டு, ஒரு சாணுக்கு மேல் இறங்கிக் கிடந்தது. சீட்டுக் கம்பியை இறுக்கும் லீவர் தளர்ந்திருக்கும் என்று நினைத்து மறுபடி ஏற்றி, அழுத்தி மூடினேன். அடுத்த தறிக்கூடம் தாண்டியதும் மறுபடியும் கீழே.

அதற்கடுத்த இடத்தில் நான் கொஞ்சம் தள்ளியே நின்று பார்த்தேன். தறிக்கூடத்து வாசல். உள்ளே தறிகள் போடும் சத்தத்தில் ரோடே அதிர்கிறது. மச்சான் வாசலுக்குப் பத்தடி முன்னால் வேகம் குறைத்தார். இடது கை கீழே போனது. லீவரைத் திறந்தார். சீட்டு அவரோடு சேர்ந்து சரசரவென்று இறங்கியது. இரண்டு பாதங்களும் தரையில் தட்டையாக ஊன்றின. கைப்பிடியில் முழங்கையை வைத்து, உள்ளே இருப்பவரிடம் கத்திப் பேசி, துணியை விரலால் உரசிப் பார்த்து, விலை சொல்லி, முறுக்கிக்கொண்டு கிளம்பினார். சீட்டை மீண்டும் ஏற்றவில்லை.

மொபெட்டிலும் இப்படித்தான் இரண்டு காலும் ஊன்றி நின்றிருப்பார். மொபெட்டில் மிதிக்க வேண்டியதில்லை, அதனால் கேடில்லை. மிதிக்கிற சைக்கிளில், சரியான உயரத்தில் இருக்கும் சீட்டிலிருந்து இரண்டு கால்களும் தரையைத் தொடவே தொடாது. பல்சக்கரத்துக்காக இரண்டு நாள் ஓடிய நான், ஒரு லீவரைக் கவனிக்கவில்லை.

டீக்கடை நிழலில் அவரை நிறுத்தி, இறங்கிப் பேசினால் என்ன என்று கேட்டேன்.

அவர் என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மச்சான், எறங்குனா டீ வரும்."

"வரட்டுமே."

"டீ வந்தா ரேட்டு போச்சு. அவங்க டீயக் குடிச்சிட்டு அவங்க துணியக் கொறை சொல்ல முடியுமா? எங்க அத்தா இந்தத் தெருவுல முப்பது வருஷம் வண்டிய விட்டு எறங்கல. நானும் எறங்கல. கல்யாணம், எழவு, ரெண்டுக்குத்தான் எறங்குவோம்."

பிறகுதான் கவனித்தேன். அந்தத் தெருவில் வந்து போகிற துணிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். மொபெட்டிலோ ஸ்கூட்டரிலோ, கால் ஊன்றி, என்ஜின் அணைக்காமல். தறிக்காரர்களும் வாசற்படியைத் தாண்டி வருவதில்லை. வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள அந்த நாலடியில்தான் வியாபாரம். எங்கள் ஊரில் கிடங்குக்குச் சரக்கு கொண்டுவரும் ஆள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் போனால் அவமரியாதை. இங்கே உட்கார்ந்தால் தோல்வி.

நான் வாதாடவில்லை. மடங்காத முட்டியோடு மயக்க மருந்து மேஜையில் படுப்பது எப்படி என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சீட்டை மட்டும் மறுபடி உயரத்தில் நிறுத்தி, நடேசனிடம் வாங்கி வந்த, இரும்பில் குறி வைக்கும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் கம்பியில் ஒரு கோடு போட்டேன். "இதுக்குக் கீழ எறங்கினா, நீங்க மிதிக்கிறது வைத்தியம் இல்லை. முட்டிய நீங்களே ஒடைக்கறது," என்றேன்.

அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஏறினார். சரோஜா அக்காவின் தறிக்கூடம் வரை மிதித்தே வந்தார். எட்டுத் தறி வைத்திருக்கும் அந்த அம்மாள், தலையில் பஞ்சுத் தூசியோடு வாசலுக்கு வந்தார். மச்சானின் கை லீவருக்குப் போய், நின்றது. அவர் வண்டியைச் சாய்த்து, நல்ல காலை முதலில் ஊன்றி, மெல்ல இறங்கினார்.

சரோஜா அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க பாய், எறங்கீட்டீங்க? ஆருங்க தவறிட்டாங்க?"

"யாரும் தவறலீங்க அக்கா. கால்தான்."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் முட்டி, பிசியோதெரபி, சீட்டு எல்லாவற்றையும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்ப ஊட்டுக்குள்ள வாங்க சாமி, டீ சொல்றேன்," என்றார்.

டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட, தொண்டையை எரிக்கும் டீ. மச்சான் அதை மருந்துபோலக் குடித்தார். பிறகு கைலி ஒன்றை விரித்துக் கரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். சரோஜா அக்காவும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார்.

"என்னுங்க அக்கா, ஒண்ணும் சொல்லல?" என்று மச்சான் கேட்டார்.

"எனத்தச் சொல்றதுங்க? என்ற டீயக் குடிச்சவங்ககிட்ட நான் எப்பிடிங்க ரேட்ட ஏத்திச் சொல்லுவேன்? ஒங்களுக்கு மட்டும்தான் வாய் கட்டிப் போகும்னு நெனச்சீங்களா?"

போன தடவை பேசிய விலைக்கே பேசி முடித்தார்கள். எனக்குத் தெரிந்து இருவருக்கும் அதில் நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை. வெளியே வந்ததும் அவர் சீட்டில் ஏறிய விதத்தில் கொஞ்சம் அவமானம் இருந்தது. ஆனால் அடுத்த தெரு முழுக்க மிதித்தார்.

அதற்குப் பிறகான நாட்களைச் சுருக்கி எழுதுகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் பஸ், மடிப்பு, விரிப்பு, கோடு. பஸ் கண்டக்டருக்குப் பழகிவிட்டது. பல்சக்கரத்தின் எண்ணெய் படாமல் இருக்க அவரே பழைய சாக்கு ஒன்றை வைத்திருந்து கீழே விரித்தார். தெருவில் பேச்சுப் பரவிவிட்டது. பாய் இறங்குகிறார் என்று சிலர் இரண்டு டம்ளர் டீயை முன்னாலேயே தயாராக வைத்தார்கள். ஒரு தறிக்காரர் கிண்டலாக முறுக்கும் தட்டில் வைத்தார். ஒருநாள் ஏழு டீ. மச்சானுக்கு வயிறு எரிந்தது, முட்டி எரியவில்லை. அவர் முறுக்குவதை முற்றிலும் விடவில்லை. மேடான ரோட்டில் முறுக்குவார். அதை நான் பார்க்காதது மாதிரி பின்னால் வந்தேன்.

பிப்ரவரி 8, சனி. மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மும்தாஜ் வழியெல்லாம் உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தாள். டாக்டர் மச்சானைப் படுக்க வைத்து, கோணமானியை முட்டியின் பக்கத்தில் பிடித்து, மெல்ல மடக்கினார். இன்னும் கொஞ்சம் மடக்கினார். மச்சானின் கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது.

மயக்க மருந்து இப்போதைக்கு வேண்டாம், செய்துகொண்டிருப்பதையே செய்யுங்கள் என்றார் டாக்டர். முட்டி பழையபடி ஆகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் பாதி வழி இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிசியோதெரபி பெண் சொன்னாள்: மடக்கம் கூடக் கூடச் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஒரே நாளில் இறக்காதீர்கள்.

மச்சான் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "இறக்கலாமா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை. என்னிடம் பெயிண்ட் பேனாவைக் கேட்டு வாங்கினார். என் கோட்டுக்கு மேலே அரை விரல் தள்ளி ஒன்று போட்டார். சீட்டுக் கம்பியில் மேலே போடும் கோடு இருக்கையைக் கீழே இறக்கும். பிறகு இன்னும் மேலே, ஒரு சாணுக்கும் கூடுதலாகத் தள்ளி, கம்பியின் கழுத்துக்குப் பக்கத்தில் தடிமனாக ஒன்று.

"இது எதுக்கு?" என்றேன்.

"ரெண்டு காலும் ஊனுற கோடு. இங்க வந்துட்டேன்னா ஒருத்தனும் எனக்கு டீ குடுக்க முடியாது."

"அங்க வர்றதுக்குள்ள ஒங்களுக்கு சுகர் வந்துரும்," என்றாள் மும்தாஜ், அடுப்படியிலிருந்து. பிறகு மூன்று பேருக்கும் சோறு போட்டாள். மச்சான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

9, ஞாயிறு. பள்ளிவாசலில் அவருக்கு இன்னும் நாற்காலிதான். தொழுதுவிட்டு வந்து நான் வெந்நீர் வைப்பதற்குள், அவர் சைக்கிளைக் கூடத்திலிருந்து வாசலுக்கு உருட்டி வந்து, லீவரைத் திறந்து, சீட்டை இரண்டாவது கோட்டுக்கு இறக்கி மூடினார். தறி ஓடாத நாள். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. மோட்டார் சாவியை ஆணியிலேயே தொங்கவிட்டு, பனிக்குள் தெருமுனை வரை மிதித்துப் போய்த் திரும்பினார்.